நான்காவது பந்து

கூடைப்பந்து ஆடியவர்கள் எல்லோருக்கும் பொதுவாக ஒரு நம்பிக்கை உண்டு. தொடர்ந்து இரண்டு மூன்று பந்துகள் வளையத்துக்குள் விழுந்துவிட்டால் அடுத்ததும் விழும் என்பது அது. கை சூடாகிவிட்டது என்போம். அப்போது வளையம் வழக்கத்தைவிடப் பெரிதாகத் தெரியும். பந்து விரல் நுனியை விட்டுப் பிரியும்போதே அது எங்கே போகும் என்பது தெரிந்துவிடும். தெரிந்துவிட்டதாகத் தோன்றும் என்று எழுதுவதே சரி. 'தெரிந்துவிடும்' என்பதற்கும் 'தெரிந்துவிட்டதாகத் தோன்றும்' என்பதற்கும் நடுவே எனக்கு நாற்பது வருஷங்களுக்கு மேலாக ஒரு வழக்கு நடந்துகொண்டிருக்கிறது. அதை மறுபடி விசாரணைக்கு எடுக்கவைத்தது ஒரு பழைய விளையாட்டு இயந்திரம். இதைச் சொல்ல எனக்குச் சற்றுக் கூச்சமாகத்தான் இருக்கிறது.

அந்த ஆட்டத்தின் பெயர் என்பிஏ ஜாம். சிகாகோவில் இருந்த மிட்வே என்ற நிறுவனம் 1993இல் வெளியிட்டது. முன்னின்று உருவாக்கியவர் மார்க் டர்மல். காசு போட்டு நின்றுகொண்டே ஆடும் பெரிய மரப்பெட்டி இயந்திரம் அது. அமெரிக்கக் கடைத்தெருக்களில் பையன்கள் அதன் முன் வரிசையில் நின்றபோது நான் அதைப் பற்றிக் கேள்விப்பட்டதுகூட இல்லை. சென்ற வருஷம் என் தங்கை மகன், பழைய இயந்திரங்களின் ஆட்டங்களை இன்றைய கணினியில் ஓடவைக்கும் ஏதோ ஒன்றின் மூலம் அதை என் மேஜைக்குக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனான். அன்றிலிருந்து இரவு சாப்பாட்டுக்குப் பின் அரைமணி நேரம், சில நாட்களில் அதற்கு மேலும், நான் ஆடிக்கொண்டிருக்கிறேன். அறுபதைத் தாண்டியவன் பொத்தான்களை அழுத்திக்கொண்டு சத்தம் போடுவதை வீட்டில் சகித்துக்கொண்டிருக்கிறார்கள்.

ஐந்து பேருக்குப் பதிலாகப் பக்கத்துக்கு இரண்டு பேர். மூன்று மூன்று நிமிஷமாக நான்கு பகுதிகள். பிடித்துத் தள்ளினால் ஃபவுல் கிடையாது. தள்ளுவது ஆட்டத்தின் ஒரு அங்கம். ஆட்டக்காரர்கள் வளையத்துக்கு வெகு மேலே எழும்பிக் காற்றில் கரணம் போட்டுவிட்டுப் பந்தைத் திணிக்கிறார்கள். ஆனால் முகங்கள் மட்டும் நிஜமானவை. அன்றைய அமெரிக்கத் தொழில்முறை ஆட்டக்காரர்களின் தலைகளைப் படங்களிலிருந்து எடுத்து, கேமரா முன் ஆடிக்காட்டிய வேறு ஆட்களின் உடல்களில் பொருத்தியிருக்கிறார்கள். வேதாளம் விக்கிரமாதித்தனிடம் கேட்ட தலைமாறிய கதை நினைவுக்கு வந்தது. தலைக்குத்தான் உரிமை என்று ராஜா தீர்ப்புச் சொன்னான். இந்த இயந்திரத்தின் தீர்ப்பும் அதுவே.

இன்று வரும் கூடைப்பந்து ஆட்டங்களில் வியர்வைத்துளிகூடத் தெரிகிறது. எனக்கு அவை அலுப்பூட்டுகின்றன. அவை ஆட்டத்தை வெளியிலிருந்து பார்த்து எழுதப்பட்டவை. என்பிஏ ஜாம் பார்வையாளனின் மனசுக்குள்ளிருந்து எழுதப்பட்டது. ரசிகன் நியாயம் என்று நினைப்பதெல்லாம் இங்கே சட்டமாகியிருக்கிறது. பின்தங்கும் பக்கத்துக்கு இயந்திரம் ரகசியமாகக் கைகொடுக்கிறது. ஆட்டம் கடைசிவரை இழுபறியாகவே இருக்க வேண்டும் அல்லவா? டர்மல் டெட்ராய்ட் பிஸ்டன்ஸின் ரசிகர். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அந்த அணியைச் சரித்து மேலேறியது சிகாகோ புல்ஸ். பிஸ்டன்ஸோடு நெருக்கமான ஆட்டத்தின் கடைசி நொடிகளில் புல்ஸ் எறியும் பந்து தவறும்படி நிரலில் ஏற்பாடு செய்துவைத்ததாக அவரே பின்னால் சொல்லியிருக்கிறார். இதைச் செய்தது சிகாகோவில் உட்கார்ந்துகொண்டு. உரிமைச் சிக்கலால் மைக்கேல் ஜோர்டன் ஏற்கெனவே இந்த ஆட்டத்தில் இல்லை. அது போதாதென்று இதுவும். இந்த வன்மத்தை என்னால் புரிந்துகொள்ள முடிகிறது. நானும் ரசிகன்தான்.

ஆனால் சட்டங்களில் தலையானது வேறு. ஒருவன் தொடர்ந்து மூன்று முறை கூடை போட்டுவிட்டால் அவன் தீப்பற்றிக்கொள்கிறான். அறிவிப்பாளரின் குரல் அதைக் கூவுகிறது. அவன் கையில் பந்து நிஜமாகவே எரிகிறது. அதன்பிறகு எங்கிருந்து எறிந்தாலும் அநேகமாக விழும். எதிரணி ஒரு கூடை போடும்வரை, அல்லது அவனே இன்னும் நான்கு போட்டு முடிக்கும்வரை, நெருப்பு அணைவதில்லை. கை சூடாவது பற்றி எங்களுக்குள் புழங்கிய பேச்சு இங்கே அட்சரம் பிசகாமல் நடக்கிறது. முதல் முறை அந்தப் பந்து எரிந்தபோது நான் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன்.

1981இல் ஒரு மாலை. கல்லூரிகளுக்கிடையிலான இறுதியாட்டம். சிமெண்ட் தரை, ஒரு பக்கத்துப் போர்டில் மேல் மூலை விரிந்திருந்தது. கடைசி அரை நிமிஷத்தில் ஒரு புள்ளி பின்தங்கியிருந்தோம். அதற்கு முந்தைய மூன்று கூடைகளும் என்னுடையவை. பந்து என்னிடம் வந்தது. இரண்டு பேர் என்னை நெருக்கினார்கள். அப்படியென்றால் நம் ஆள் ஒருவன் தனியாக இருக்கிறான் என்று அர்த்தம். இருந்தான். இடது மூலையில், இரண்டு கைகளையும் உயர்த்திக்கொண்டு. அவன் பள்ளிக்கூடத்திலிருந்து என்னோடு ஆடியவன். நான் எறிந்தேன். பந்து வளையத்தின் பின்விளிம்பில் பட்டு வெளியே வந்துவிட்டது.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அவன் என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தான். கடலை வாங்கி எனக்கும் கொடுத்தான். ஆட்டத்தைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. அடுத்த வருஷம் அவன் அணியில் சேரவில்லை. படிப்பு என்றான். இருக்கலாம்.

கை சூடாக இருந்தது, அதனால் எறிந்தேன் என்று கேட்டவர்களிடம் சொன்னேன். ஆடியவர்கள் யாரும் அதை மறுக்கவில்லை. மறுப்பு வேறு திசையிலிருந்து வந்தது. கிலோவிச், வலோன், ட்வர்ஸ்கி என்ற மூன்று உளவியல்காரர்கள் 1985இல் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். நான் அதைப் படித்தது பல வருஷங்கள் கழித்து. பிலடெல்பியா அணியின் ஒரு பருவத்து எறிதல்களை வரிசையாக எடுத்துப் பார்த்தார்கள். விழுந்த பந்துக்கு அடுத்த பந்து விழும் வாய்ப்பு, தவறிய பந்துக்கு அடுத்ததைவிட அதிகமில்லை. அவர்கள் விசாரித்த ரசிகர்களில் 100க்கு 91 பேர் சூடான கையை நம்பினார்கள். ஆக 91 பேரும் எதேச்சையில் ஒழுங்கைக் கண்டு ஏமாந்தவர்கள். நானும் ஏமாந்தவன். அதோடு, தனியாக நின்றவனுக்குப் பந்தைக் கொடுக்காதவன். அன்று எனக்கிருந்த ஒரே சாக்கையும் அந்தக் கட்டுரை பிடுங்கிக்கொண்டது.

பிறகு 2018இல் மில்லர், சான்ஹுர்ஹோ என்ற இருவர் அந்தக் கணக்கிலேயே ஒரு ஓட்டை இருப்பதைக் காட்டினார்கள். விஷயம் வேடிக்கையானது. ஒரு காசை மூன்று முறை சுண்டுங்கள். எட்டு விதமாக விழலாம். ஒவ்வொரு விதத்திலும், தலை விழுந்ததற்கு அடுத்தபடி எத்தனை பங்கு தலை விழுந்தது என்று பாருங்கள். முதல் இரண்டிலும் பூவே விழுந்த இரண்டு விதங்களில் கேள்விக்கே இடமில்லை, தள்ளிவிடுங்கள். மீதி ஆறின் பங்குகளைக் கூட்டிச் சராசரி எடுத்தால் பாதி வரும் என்றுதானே எதிர்பார்ப்போம்? வருவது 12இல் 5. நான் காகிதத்தில் போட்டுப் பார்த்தேன். 5தான் வருகிறது. காசில் குற்றமில்லை, சின்ன வரிசைகளைத் தனித்தனியாக எண்ணிச் சராசரி எடுக்கும் முறையிலேயே இந்தச் சரிவு இருக்கிறது. அப்படியானால் அந்த முறையில் எண்ணி, சூட்டுக்குப் பின்னும் பாதிக்குப் பாதி போட்டதாகத் தெரியும் ஆட்டக்காரன், உண்மையில் கொஞ்சம் சூடாகத்தான் இருந்திருக்கிறான். பழைய ஆய்வின் தகவல்களின் ஒரு பகுதியைத் திருத்திக் கணக்கிட்டபோது சூடு தென்படுகிறது என்றார்கள்.

இதைப் படித்த அன்று எனக்கு விடுதலையான உணர்வு வந்திருக்க வேண்டும். வரவில்லை. ஏன் என்று அப்போது விளங்கவில்லை. இயந்திரத்தில் ஆடத் தொடங்கிய பிறகுதான் விளங்கியது.

இந்த ஆட்டத்தில் நான் எப்போதும் எடுப்பது யூட்டா ஜாஸ். அதாவது ஜான் ஸ்டாக்டன், கார்ல் மலோன். நான் ஸ்டாக்டன், மலோனை இயந்திரம் ஆட்டுகிறது. நிஜத்தில் ஸ்டாக்டன் பந்தைக் கொடுப்பதற்கென்றே பிறந்தவர். 1984 முதல் 2003 வரை ஒரே அணியில் ஆடி, அவர் கொடுத்து மற்றவர்கள் போட்ட கூடைகள் 15,806. அதில் அவரை யாரும் இன்னும் நெருங்கவில்லை. அவற்றில் எத்தனையோ மலோன் போட்டவை. என் கையில் அந்த ஸ்டாக்டன் என்ன ஆகிறார் என்று ஒரு இரவு கவனித்தேன். தீப்பற்றிய பிறகு மட்டுமல்ல, அதற்கு முன்பும், முதல் பந்திலிருந்தே, நான் மலோனுக்குக் கொடுப்பதில்லை. அவரிடம் பந்து போய்விட்டால் பொத்தானை அழுத்தித் திரும்ப வாங்கிக்கொள்கிறேன். உடனே கொடுத்துவிடுகிறார். அவருக்கு வருத்தம் இல்லை.

எங்கள் பயிற்சியாளர் சென்னை ஒய்.எம்.சி.ஏ. உடற்பயிற்சிக் கல்லூரியில் படித்தவர். அதை 1920இல் தொடங்கிய ஹாரி க்ரோ பக், நைஸ்மித் இந்த ஆட்டத்தை உருவாக்கிய அதே ஸ்பிரிங்ஃபீல்ட் பள்ளியில் பயின்றவர். அந்த உறவுமுறையில் எங்கள் பயிற்சியாளருக்குப் பெருமை அதிகம். நைஸ்மித் 1891இல் எழுதிய 13 விதிகளையும் ஒப்பிப்பார். மூன்றாவது விதி, பந்தோடு ஓடக்கூடாது. பிடித்த இடத்தில் நின்றே எறிய வேண்டும். தட்டிக்கொண்டு ஓடுவதெல்லாம் பின்னால் வந்தது. ஆதியில் பந்து கையில் வந்தவன் செய்யக்கூடிய காரியம் அதைக் கையை விட்டு அனுப்புவதுதான். தனியாக நிற்பவனைக் கண் தேட வேண்டும் என்று அவர் தினமும் சொல்வார்.

என் கண் தேடத்தான் செய்தது. கண்டும்விட்டது. அதுதான் விஷயம். கை சூடு மெய்யா பொய்யா என்பதில் நான் இத்தனை காலம் அக்கறை காட்டியது, கேள்வி அங்கே இருக்கும்வரை இங்கே வராது என்பதால். கை ஜில்லிட்டுப் போயிருந்தாலும் அன்று நான்தான் எறிந்திருப்பேன். எந்தப் புள்ளிவிவரமும் அதைத் தொட முடியாது. அதனால்தான் 1985இன் தீர்ப்பில் எனக்குத் தண்டனையும் இல்லை, 2018இன் தீர்ப்பில் விடுதலையும் இல்லை. இயந்திரம் மட்டும், சாக்குக் கேட்காமல், பந்தைக் கொளுத்திக் கையில் கொடுத்து, நான் யார் என்று பார்த்துக்கொண்டிருந்தது.

இவ்வளவு தெரிந்த பிறகும் ஆட்டம் கசக்கவில்லை. இரவானால் கை பரபரக்கிறது. நேற்று, கடைசிப் பகுதியில் ஸ்டாக்டன் எரிந்துகொண்டிருந்தார். எதிரிகள் இருவரும் என் மேல் பாய்ந்தார்கள். மலோன் இடது பக்கம் தனியாக நின்றார். கொடுத்தேன். பொத்தானை அழுத்தியதும் அவர் எறிந்தார். பந்து வளையத்தில் மோதி வெளியே வந்தது. எதிரணி அதை எடுத்துக்கொண்டு ஓடிக் கூடை போட, நெருப்பு அணைந்தது. ஒரு புள்ளியில் தோற்றோம். இன்னொரு ஆட்டம் வைத்தேன்.