குன்னத்துக்கு இரண்டு அரைப்புள்ளி

‘கடவுள் துணை’ என்று அடித்தேன். திரையில் ‘குடவுள் துணை’ என்று நின்றது. அழித்துவிட்டு அடித்தேன், மறுபடியும் குடவுள். காதணி விழாப் பத்திரிகைக்காக எதிரே உட்கார்ந்திருந்த பெரியவர், “என்ன தம்பி, சாமி பேர்லயே கை வெக்கிறீங்க?” என்றார்.

லிப்ரே ஆபிஸில் எனக்கு அது முதல் வாரம். அதற்கு முன் குன்னத்தில் என் டிடிபி கடை முழுக்க ஓடியது திருட்டு காப்பிகளில்தான். கிராக் கோப்போடு வந்த வைரஸ் ஒன்று முகூர்த்த மாசத்தில் ஹார்ட் டிஸ்கைத் துடைத்துவிட்டுப் போனது. அந்தப் பயத்தில்தான் கட்டற்ற மென்பொருள் பக்கம் வந்தேன், கொள்கை எல்லாம் பிறகு. லிப்ரே ஆபிஸ் 2010-ல் ஓபன் ஆபிஸிலிருந்து பிரிந்தது. படம் வரைகிற இங்க்ஸ்கேப் 2003-ல் சோடிபோடியிலிருந்து. பங்காளிகள் பிரிவதுபோலத்தான், ஆனால் இங்கே மொத்தக் காட்டையும் இரண்டு பேருமே முழுசாக எடுத்துக்கொள்ளலாம்.

குடவுளுக்கு வருகிறேன். பாமினி எழுத்துருவில் ‘க’ என்பது சின்ன எஃப், ‘கு’ என்பது பெரிய எஃப். வாக்கியத்தின் முதல் எழுத்து பெரிதாக வர வேண்டும் என்று லிப்ரே ஆபிஸின் ரைட்டர் தானாகத் திருத்தியிருக்கிறது. நான் அடித்ததை ஆங்கிலம் என்று நினைத்துவிட்டது. யோசித்தால், அது நினைத்ததில் தப்பே இல்லை. என் கோப்புகளில் குன்னம் என்பது பெரிய எஃப், டி, அரைப்புள்ளி, டி, கே, அரைப்புள்ளி. புள்ளி வைத்த எழுத்து இரண்டு, அதனால் அரைப்புள்ளியும் இரண்டு. ஆங்கில எழுத்துக்குத் தமிழ்ச் சட்டை மாட்டி இத்தனை வருஷம் ஓட்டியிருக்கிறேன்.

தானியங்கித் திருத்தத்தை நிறுத்த ஒரு டிக் எடுத்தால் போதும். எடுத்தேன். ஆனால் மனசு கேட்கவில்லை. தமிழைத் தமிழாகவே வைக்கிற யூனிகோடைத் தமிழக அரசு தரமாக ஏற்றது 2010-ல். தமிழ்99 விசைப்பலகை வந்தது 1999-ல். என் கடைக்கு இரண்டும் அந்தப் பெரியவர் வந்த பிறகுதான் வந்தன.

விரல்கள் ஒத்துழைக்கவே இல்லை. ‘கொ’ வேண்டுமென்றால் ஒற்றைக் கொம்பு, க, கால் என்று கண்ணில் படுகிற வரிசையில் அடித்துப் பழகிய கை. தமிழ்99-ல் க, அப்புறம் ஒ. அவ்வளவுதான், கொம்பும் காலும் தாமாகப் போய் உட்காரும். ‘ன’வை இரண்டு முறை தட்டினால் முதல் ‘ன’வுக்குப் புள்ளி தானே விழும். குன்னத்தில் ‘ம்’முக்கு மட்டும் நான் புள்ளி வைத்தால் போதும். திண்ணைப் பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்த கணக்கு இது, உயிரும் மெய்யும் சேர்ந்தால் உயிர்மெய். நான் அதுவரை எழுத்தை எழுதவில்லை, துண்டு துண்டாக ஒட்டிக்கொண்டிருந்தேன்.

வரைவதிலும் இதே கதை. பத்திரிகைக்குக் குத்துவிளக்கு வேண்டுமென்றால் நெட்டில் எடுத்த படத்தை டிரேஸ் போடுவேன். நூற்றுக்கணக்கில் கணுக்கள் எறும்புபோல மொய்க்கும், ஒன்றை இழுத்தால் விளக்கே கோணும். இங்க்ஸ்கேப்பில் ஒரு மத்தியானம் கரண்ட் இருந்த நேரமாகப் பார்த்து, பாதி விளக்கை மட்டும் கையால் வரைந்தேன். தண்டு ஒடுங்குகிற இடத்தில் ஒரு கணு, தட்டு விரிகிற இடத்தில் ஒன்று. மொத்தம் ஒன்பது. மீதிப் பாதியைக் கண்ணாடிபோலத் திருப்பி ஒட்டினேன். ஒரு கணுவின் கைப்பிடியைக் கொஞ்சம் இழுத்தால் தட்டு முழுக்க நெகிழ்ந்து கொடுக்கிறது. வளைவு மாறுகிற இடத்தில் மட்டும்தான் கணு வேண்டும் என்று எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

நிறம்தான் இன்னும் தகராறு. இங்க்ஸ்கேப் திரைக்கான நிறத்தில் வேலை செய்கிறது. ஆப்செட்டுக்குப் போனதும் குங்குமச் சிவப்பு செங்கல்லாகிவிடும். அச்சுக்குப் போகிறதை, அச்சு நிறத்தில் கொடுக்கத் தெரிந்த ஸ்கிரைபஸ் வழியாக அனுப்புகிறேன்.

போன மாசம் அந்தப் பெரியவர் பேரனின் கல்யாணப் பத்திரிகைக்கு வந்தார். “பழைய லிஸ்ட்ல பெரிய மாமன் பேரு எங்கன இருக்கு பாரு தம்பி.” யூனிகோடுக்கு மாற்றி வைத்திருந்த லிஸ்டில் பெயரைத் தேடினேன், வந்து நின்றது. அவருக்கு அது ஒன்றும் பெரிதாகத் தெரியவில்லை.

அச்சகத்தில் வழக்கம்போல, “எழுத்தெல்லாம் கர்வ் பண்ணி அனுப்புங்கண்ணே, இங்க ஃபாண்ட் ஓடாது” என்றார்கள். கன்ட்ரோல், ஷிஃப்ட், சி. மாமன் பெயர் மறுபடி வெறும் கோடும் கணுவுமாகிவிட்டது. எழுத்தாக இருக்கிற பிரதி ஒன்று என்னிடம் தனியே இருக்கிறது.