புதுமைப்பித்தனின் சர்வாதிகாரிகளும் ஒரு பிரேத மனிதனும்

கடலூர் எழுத்தாளர் யார் என்று கேட்டால் சட்டென்று வருகிற பெயர் ஜெயகாந்தன். 1934-இல் மஞ்சக்குப்பத்தில் பிறந்தவர், ஞானபீடம் வாங்கியவர், அதனால் அது நியாயம்தான். ஆனால் அவருக்கு 28 வருடம் முன்னால், 1906-இல், திருப்பாதிரிப்புலியூரில் பிறந்த ஒருவர் பலருக்கு நினைவுக்கே வருவதில்லை. புதுமைப்பித்தன்! அப்பாவுக்கு அரசாங்க உத்தியோகம், ஊர் ஊராக மாற்றல், கடைசியில் சொந்த ஊரான திருநெல்வேலி. அதனால் அவரை நெல்லைக்காரர் என்றே எல்லோரும் சொல்கிறார்கள். நிஜப்பெயர் சொ. விருத்தாசலம். பெயரிலாவது இந்த மாவட்டம் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

அவர் கதைகள் பாடத்திலேயே வருவதால் அதை விட்டுவிடலாம். அதிகம் பேர் தொடாத இரண்டு பக்கங்கள் அவரிடம் உண்டு. ஒன்று அரசியல் புத்தகங்கள். இன்னொன்று மேரி ஷெல்லியின் 'பிராங்கன்ஸ்டைன்' நாவலைத் தமிழில் தந்த 'பிரேத மனிதன்'. 2002-இல் அவர் எழுத்து நாட்டுடைமை ஆகிவிட்டதால் தேடிப் படிக்கத் தடை எதுவும் இல்லை.

முசோலினியைப் பற்றி எழுதியதற்கு அவர் வைத்த தலைப்பு 'பேஸிஸ்ட் ஜடாமுனி'. ஹிட்லர் புத்தகத்துக்கு 'கப்சிப் தர்பார்'. தலைப்பிலேயே பாதி விஷயம் முடிந்துவிடுகிறது பாருங்கள். பாசிசம் என்றால் என்ன என்று பத்துப் பக்கம் விளக்குவதைவிட, ராத்திரி மரத்தடியில் போகிறவனைப் பிடித்துக்கொள்ளும் ஜடாமுனி என்று சொன்னால் கிராமத்து ஆளுக்கும் புரியும். வெள்ளைக்காரன் ஆண்ட காலம் அது. 'எதிரிக்கு எதிரி நண்பன்' என்று ஹிட்லரை ரசித்தவர்கள் இங்கேயும் இருந்தார்கள். அந்த மயக்கம் இவருக்கு வரவில்லை.

அடுத்துத்தான் சிக்கல். 'ஸ்டாலினுக்குத் தெரியும்' என்று ஒரு புத்தகம், 'அதிகாரம் யாருக்கு' என்று இன்னொன்று. இவற்றில் அவர் ஸ்டாலின் பக்கம். 1936 முதல் 1938 வரை சோவியத் நாட்டில் நடந்த களையெடுப்பையும் சேர்த்தே ஆதரிக்கிறார். அதில் லட்சக்கணக்கில் மனிதர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள் என்று இன்று நமக்குத் தெரியும். அவருக்குத் தெரியாது. குருஷ்சேவ் அதைப் பற்றி வாய் திறந்தது 1956-இல். புதுமைப்பித்தன் இறந்தது 1948-இல், 42 வயதில். திருத்திக்கொள்ளக்கூட வாய்ப்புக் கிடைக்கவில்லை, பாவம்.

'தெரியாமல் எழுதிவிட்டார்' என்று இதை முடித்துவிடலாம். ஆனால் இரண்டு சர்வாதிகாரிகளைச் சரியாக அடையாளம் கண்டவருக்கு மூன்றாவது ஆள் மட்டும் ஏன் தட்டிப்போனது?

'பிரேத மனிதனை'ப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒன்று பிடிபடுகிறது. மேரி ஷெல்லி அந்தக் கதையை எழுதத் தொடங்கியபோது வயது 18. புத்தகம் வந்தது 1818-இல். பிராங்கன்ஸ்டைன் என்பது பூதத்தின் பெயர் அல்ல, அதை உண்டாக்கிய விஞ்ஞானியின் பெயர் (சினிமா பார்த்துக் குழம்பியவர்கள் கவனிக்க!). அவன் உயிர் கொடுத்துவிட்டு, அதன் முகத்தைப் பார்த்ததும் பயந்து ஓடிவிடுகிறான். நாவலின் நடுவில் அந்தப் பூதமே வாய் திறந்து தன் கதையைச் சொல்கிறது. பசி, குளிர், பார்த்தவர்கள் எல்லாம் விரட்டியது, பிறகு அது செய்த கொலைகள். அதன் பேச்சைக் கேட்ட பிறகு விஞ்ஞானி சொல்வதை நம்மால் முழுசாக நம்ப முடியாது.

அரசியல் புத்தகத்தில் பெரும்பாலும் இந்த அத்தியாயம் இருக்காது. செய்தவனும் ஆதரித்தவனும் எதிர்த்தவனும் பேசுவார்கள், செய்யப்பட்டவன் பேசமாட்டான். ஹிட்லருக்குத் தப்பி ஓடிவந்தவர்களின் குரல் உலகத்துக்குக் கேட்டது. சைபீரிய முகாமில் இருந்தவன் குரல் சென்னையில் ஒரு பத்திரிகை ஆபீசுக்கு எப்படி வந்து சேரும்? கேட்காத குரலை 'இல்லாத குரல்' என்று எடுத்துக்கொள்வது எவ்வளவு சுலபம்!

இதற்கு ரஷ்யா வரை போக வேண்டியதில்லை. 1965 ஜனவரி 27-இல் சிதம்பரத்தில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் இறந்த ராஜேந்திரன், அண்ணாமலைப் பல்கலைக்கழக மாணவர். மொழிப் போராட்டத்தைப் பற்றிய புத்தகங்களில் டெல்லி பேசும், பக்தவத்சலம் பேசுவார், கட்சிகள் பேசும். ராஜேந்திரன் சிலையாக நிற்கிறார். அதே சிதம்பரத்திலிருந்து கடலூருக்கு பஸ் ஏறினால், முதுநகர் வருவதற்குள் சிப்காட் ரசாயன ஆலைகளின் நெடி மூக்கில் ஏறும். 'இத்தனை கோடி முதலீடு, இத்தனை பேருக்கு வேலை' என்று கட்டியவர்கள் சொன்னது பதிவாகியிருக்கிறது. அந்த நெடியில் தினமும் தூங்கி எழும் ஈச்சங்காடு, குடிகாடு மக்களின் பேச்சை யாராவது போய்க் கேட்டால்தான் உண்டு.

ஆகவே புதுமைப்பித்தனின் ஸ்டாலின் புத்தகங்களை ஒளித்து வைக்கவும் வேண்டாம், அதற்காக அவரைத் தூக்கி எறியவும் வேண்டாம். அந்த மூன்று சர்வாதிகாரிகளையும் படித்துவிட்டுக் கையோடு 'பிரேத மனிதனை'யும் படியுங்கள். அடுத்த முறை ஒரு தலைவரைப் புகழும் புத்தகமோ திட்டும் புத்தகமோ கையில் கிடைத்தால், இதில் பூதம் பேசுகிற அத்தியாயம் எங்கே என்று ஒரு புரட்டுப் புரட்டிப் பார்க்கத் தோன்றும். இல்லையென்றால், அந்த அத்தியாயத்தை வேறு எங்காவது தேடத் தோன்றும்.