அருகிலிருந்து காணும் வேகம்

வெறும் வானில் பறக்கும் விமானத்துக்கு வேகம் இல்லை. உண்டெனினும் அது கண்ணுக்குப் புலப்படுவதில்லை. 1927இல் வெளிவந்த 'விங்ஸ்' என்னும் மௌனப் படத்தை நெறிப்படுத்திய வில்லியம் வெல்மன், முதலாம் உலகப் போரில் விமானியாகப் பணிபுரிந்தவர், இதனை நன்கறிவார். முகில்கள் திரளும்வரை படப்பிடிப்பை நிறுத்திவைத்துக் காத்திருந்தார். படநிறுவனம் பொறுமையிழந்ததில் வியப்பில்லை. விமானியின் இருக்கைக்கு முன்னே கமராவைப் பொருத்தி, நடிகரே அதனை இயக்கும்படி செய்தமையும் அப்படத்திலேதான். முகமும் முகிலும் ஒரே சட்டகத்துள் அமைந்தன.

தரையிலோ முகிலின் பணியைப் பாதையோரமே செய்துவிடுகின்றது. கமரா நிலத்தை நெருங்க நெருங்க வேகம் பெருகித் தோன்றும். 1966இல் ஜோன் பிராங்கன்ஹைமர் 'கிராண்ட் பிறீ' படத்துக்காகக் கார்களிலேயே கமராக்களைப் பூட்டினார். 'லு மான்' (1971) படக்குழுவினர் இன்னும் ஒருபடி சென்று, 1970ஆம் ஆண்டின் 24 மணிநேரப் பந்தயத்திலேயே கமராக்கள் பொருத்திய போர்ஷ 908 கார் ஒன்றை ஓடவிட்டனர். படச்சுருள் மாற்றுவதற்கு அடிக்கடி நிற்க நேர்ந்தமையால் அது போதிய தூரம் ஓடவில்லை, தரவரிசையில் இடம்பெறவுமில்லை. அந்தத் தோல்வியில் கிடைத்த காட்சிகளோ எந்த நடிப்பாலும் ஆக்க இயலாதவை.

பந்தயம் முடிந்த பின்னரும் படப்பிடிப்பு தொடர்ந்தது. அப்போது டேவிட் பைப்பர் என்னும் சாரதி விபத்துக்குள்ளாகி, ஒரு காலின் கீழ்ப்பகுதியை இழந்தார். கமராவுக்காக மட்டுமே ஓடிய ஓட்டம் அது. வெல்வதற்கு அங்கே எதுவும் இருக்கவில்லை. படத்தின் பெயர்வரிசையிலே அவருடைய தியாகத்துக்கு நன்றி கூறப்பட்டுள்ளது. 'தியாகம்' என்னும் சொல் அவ்விடத்துக்குப் பொருந்துமா என்பது ஐயமே. பைப்பர் பின்னர் செயற்கைக் காலுடன் பழைய பந்தயக் கார்களை ஓட்டினார்.