எல்லாவற்றுக்கும் ஓம்

என் தம்பியின் மகள் தாதிப் பயிற்சியில் இருக்கிறாள். போன நோன்புப் பெருநாள் விடுமுறைக்கு நிந்தவூருக்கு வந்தபோது ஒரு படிவத்தையும் கையோடு கொண்டு வந்தாள். சின்னப் பிள்ளைகளின் பல்லில் சூத்தை விழாமல் தடுப்பது பற்றிப் பெற்றோர் மனதில் என்ன நம்பிக்கை இருக்கிறது என்பதை அளக்கிற படிவமாம். ஆங்கிலத்தில் இருந்ததைத் தமிழாக்கிப் பழகும்படி வகுப்பில் கொடுத்திருக்கிறார்கள்.

"மாமி, நம்மட ஊர்ப் பொம்புளைகளுக்கு இது விளங்குமா எண்டு ஒருக்காப் பாத்துச் சொல்லுங்க" என்றாள்.

நெல்லை மரைக்காலால் அளக்கிறோம், துணியை முழத்தால் அளக்கிறோம். நம்பிக்கையை எதனால் அளப்பது என்று எனக்குச் சிரிப்பு வந்தது. வாங்கிப் பார்த்தேன். இருபது வசனங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே ஐந்து பெட்டிகள். முழுதாக ஏற்கிறேன் என்பதில் தொடங்கி, முழுதாக மறுக்கிறேன் என்பதில் முடிகிறது. ஒன்றில் புள்ளடி போட வேண்டும். "பாற்பற்கள் எப்படியும் விழுந்துவிடும், ஆகவே அவற்றைப் பராமரிக்கத் தேவையில்லை" என்பது முதலாவது வசனம்.

பின்னேரம் பாய் இழைக்கக் கூடுகிற எங்கள் வளவில் அதை வாசித்துக் காட்டினேன். நான்கு பேர் இருந்தார்கள். நான்கு பேரும் "ஓம்" என்றார்கள். கொஞ்சம் தள்ளி இன்னொரு வசனம் இருந்தது. "பாற்பற்களை நிரந்தரப் பற்களைப் போலவே கவனமாகப் பராமரிக்க வேண்டும்." அதற்கும் நான்கு பேரும் "ஓம்".

"ரெண்டும் ஒண்டுக்கொண்டு மாறாக் கிடக்கு. ரெண்டுக்கும் ஓமா?" என்று கேட்டேன்.

பக்கத்து வீட்டு மரியம் ராத்தா பன்னைக் கீழே வைக்காமலே சொன்னார்: "போமில என்ன கேட்டாலும் ஓம் எண்டுதான் சொல்லணும் மகள். இல்ல எண்டு சொன்னா நம்மட பேர வெட்டிருவாங்க."

எனக்கு வந்த சிரிப்பு அதோடு நின்றுவிட்டது. 2004 டிசம்பர் 26 அன்று கடல் வந்து போனபின் எத்தனை படிவம் நிரப்பினோம்! வீட்டுக்கு ஒன்று, தோணிக்கு ஒன்று, சட்டி பானைக்கு ஒன்று. அதற்கும் முந்திய காலத்தில் எங்களிடம் கேள்வி கேட்டவர்கள் கையில் பேனை மட்டும் இருக்கவில்லை. கேட்கிறவர் எதை விரும்புகிறார் என்று முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துப் பதில் சொல்ல, சகோதரிகளே, நம்மைப் போல் பழகியவர்கள் யார்?

இதை மருமகளிடம் சொன்னேன். அதற்காகத்தான் ஒரே விசயத்தை நேராகவும் மாற்றியும் எழுதுவார்களாம். இரண்டுக்கும் ஓம் வந்தால், அந்தப் பதிலை வைத்து ஒன்றும் தீர்மானிக்க முடியாது என்று தெரிந்துவிடுமாம். கெட்டித்தனமான ஏற்பாடுதான்.

இந்தக் கேள்விகளுக்கு ஒரு பழைய கதை இருக்கிறது. 1950களில் அமெரிக்காவில் காசநோயைக் கண்டுபிடிக்க இலவசமாக எக்ஸ்ரே எடுத்தார்கள். வீட்டுக்குப் பக்கத்திலேயே வண்டி வந்து நின்றும் பலர் போகவில்லை. ஏன் போகவில்லை என்று ஆராய்ந்தவர்கள், மனிதருக்குள்ளே ஓடும் கணக்கைப் பிரித்துப் பார்த்தார்கள். இந்த நோய் எனக்கு வருமா? வந்தால் பெரிய விசயமா? தடுக்கிற வழியால் பலன் உண்டா? அதைச் செய்ய எனக்கு என்ன தடை? பல்லுக்கும் இதே நாலு கேள்விதான். பின்னாளில் ஐந்தாவதாக ஒன்றையும் சேர்த்துக்கொண்டார்கள்: இதைச் செய்ய என்னால் முடியும் என்று நான் நம்புகிறேனா?

அந்த ஐந்தாவதுதான் மிகவும் கனமானது என்று மருமகள் சொன்னாள். 17 நாடுகளில் 3, 4 வயதுப் பிள்ளைகள் 2,822 பேரின் குடும்பங்களில் விசாரித்த ஆய்வொன்று 2004 இல் வெளிவந்தது. பிள்ளையின் பல் துலக்கலையும் இனிப்புத் தின்னலையும் தன்னால் கட்டுப்படுத்த முடியும் என்று பெற்றோர் நம்புகிறார்களா என்பதுதான், அந்த வீட்டில் நல்ல பழக்கம் இருக்குமா என்பதை எல்லாவற்றையும் விடக் கூடுதலாகக் காட்டியதாம்.

படிவத்தின் பதினாலாவது வசனம் இது: "பிள்ளை அழுது அடம்பிடித்தாலும் இரவில் இனிப்புக் கலந்த பானம் கொடுக்காமல் இருக்க என்னால் முடியும்."

மற்றவற்றை வாசித்தது போல இதை என்னால் சத்தமாக வாசிக்க முடியவில்லை.

1990 இல் என் மகளுக்கு ஒன்றரை வயது. வயலுக்குப் போன மனுசன் வரவில்லை. மூன்றாம் நாள் மையத்துத்தான் வந்தது. நாலு மாதமும் பத்து நாளும் இத்தா இருந்தேன். என் பால் வற்றிவிட்டது. அந்த நாட்களில் இரவானால் எங்கள் ஒழுங்கையில் உள்ள பெண்களும் பிள்ளைகளும் ஒரு கல்வீட்டில் போய்ச் சேர்ந்து படுப்போம். விளக்கைக் குறைத்துவிடுவோம். வெளியே நாய் குரைத்தால் மூச்சைப் பிடித்துக்கொள்வோம். அந்த நேரத்தில் பிள்ளை அழுதால், அறையில் உள்ள அத்தனை பேரும் என்னைத்தான் பார்ப்பார்கள். ஒருவரும் ஏசவில்லை, பார்ப்பார்கள், அவ்வளவுதான். என் உம்மா போத்தலில் பிளேன்டீ ஊற்றி, இரண்டு கரண்டி சீனி போட்டுத் தருவா. பிள்ளை அதைச் சூப்பிக்கொண்டே தூங்கிவிடுவாள். போத்தல் விடியும்வரை வாயில் கிடக்கும்.

சீனி பல்லைக் கெடுக்கும் என்று எனக்கு அன்றும் தெரியும். அந்த அறைக்குள் அது பெரிய கேடாகத் தெரியவில்லை.

மூன்று வயதாகும்போது மேல் முன்பற்கள் கறுத்து, முரசு மட்டத்துக்குத் தேய்ந்துவிட்டன. நான்காம் வயதில் கன்னம் வீங்கிக் காய்ச்சல் வந்தது. தூக்கிக்கொண்டு ஓடினேன். அங்கே இருந்த ஒரு அம்மா பிள்ளையின் வாயைத் திறந்து பார்த்துவிட்டு, "பெத்தாப் போதுமா, அறிவு வேணாமா?" என்று எல்லாருக்கும் முன்னால் கேட்டார். ஏன் கொடுத்தாய் என்று கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பேனோ தெரியாது. ஒரே நாளில் நாலு பல் பிடுங்கினார்கள். பள்ளிக்கூடத்தில் "பொக்கை" என்ற பட்டப்பெயர் ஏழு வயதுவரை அவளை விடவில்லை.

"மருமகள், அன்றைக்கு இந்தப் படிவம் வந்திருந்தா எனக்கு எத்தின புள்ளி போட்டிருப்பாங்க?" என்று கேட்டேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு அந்த வசனத்துக்குக் கீழே பென்சிலால் ஒரு கோடு போட்டு, "முடியாவிட்டால், என்ன காரணம்?" என்று எழுதினாள். படிவத்தில் அதற்குப் பெட்டி கிடையாது. இடம் விட்டிருக்கிறாள்.

இன்னொரு திருத்தமும் நான் சொன்னேன். "பெற்றோர்" என்று மேலே போட்டிருக்கிறது. எங்கள் ஊரில் வீடு பெண்பிள்ளைக்குச் சீதனமாகப் போவதால், பிள்ளை வளர்வது உம்மாவின் உம்மா கையில்தான். மரியம் ராத்தாவின் மகள் குவைத்தில் வேலை செய்கிறாள். பேரனுக்குப் பிஸ்கட் கொடுப்பதும் பல் துலக்குவதும் மரியம் ராத்தாதான். உம்மாவிடம் கேட்டு என்ன அளக்கப் போகிறார்கள்?

மரியம் ராத்தாவுக்குப் பல்லில் பூச்சி இருக்கிறது என்ற நம்பிக்கை அசையாது. கண்டங்கத்தரி விதையைச் சுட்டுப் புகை பிடித்தால் பூச்சி விழும் என்பது அந்தக் காலத்து வைத்தியம். மருமகள் அதை மறுத்துப் பேசவில்லை, அது எனக்குப் பிடித்தது. "பூச்சி இல்ல ராத்தா, கண்ணுக்குத் தெரியாத கிருமி. நாம தின்ற சீனிய அதுவும் தின்னுது. தின்னுட்டுப் புளிக்கிற அமிலத்த விடுது. அதுதான் பல்லக் கரைக்குது" என்றாள். ஒவ்வொரு தடவை இனிப்புப் பட்டதும் அரைமணி நேரம்வரை அந்தக் கரைச்சல் நடக்குமாம். ஆகவே எவ்வளவு சீனி என்பதோடு, எத்தனை தடவை என்பதும் பெரிது. ஒரு டொபியைப் பொழுதெல்லாம் நுணுக்கிக்கொண்டிருப்பதை விட, சோற்றோடு ஒரேயடியாகத் தின்றுவிட்டுப் போவது பல்லுக்கு நல்லது. தூக்கத்தில் உமிழ்நீர் குறைந்துவிடும், கழுவிவிட ஆளில்லை, அதனால்தான் இரவுப் போத்தல் இவ்வளவு மோசம். போத்தல் இல்லாமல் தூங்காத பிள்ளைக்குச் சீனியை நாளுக்கு நாள் குறைத்து, கடைசியில் வெறும் தண்ணீராக்கிவிடச் சொன்னாள்.

மரியம் ராத்தா யோசித்துவிட்டு, "அப்ப பூச்சிதானே!" என்றார். எல்லாரும் சிரித்தோம். ஆனால் அன்று இரவு பேரனின் போத்தலில் சீனி பாதியாகிவிட்டது என்று மறுநாள் சொன்னார்.

இது எங்கள் வளவுக் கதை மட்டுமில்லை. 2015–2016 இல் நாடு முழுவதும் எடுத்த வாய்ச் சுகாதாரக் கணக்கெடுப்பில், ஐந்து வயதுப் பிள்ளைகளில் நூற்றுக்கு ஏறக்குறைய 63 பேருக்குச் சூத்தை கண்டிருந்தது. பாற்பல் இருபதும் வரப்போகும் பல்லுக்கு இடம் பிடித்து வைத்திருக்கின்றன. நேரத்துக்கு முன் பிடுங்கினால் பின்னால் வருவது கோணலாகலாம்.

ஒரு விசயம் மட்டும் முப்பது வருடத்துக்கு முன் எனக்கு யாராவது சொல்லியிருக்கலாம். பல் ஒரே நாளில் கறுப்பதில்லை. முதலில் முரசின் ஓரத்தில் சுண்ணாம்புக் கோடு போல வெள்ளையாகத் தெரியும். அந்த நிலையில் பிடித்தால் துளை விழாமல் தடுக்கலாம், திருப்பவும் முடியும். பல் வைத்தியரிடம் காட்டிப் புளோரைட் பூசலாம். வீட்டில் புளோரைட் உள்ள பற்பசையால் காலையும் இரவும் துலக்க வேண்டும். மூன்று வயதுக்குள் ஓர் அரிசியளவு, அதன்பின் ஒரு பயறளவு. ஏழெட்டு வயதுவரை பெரியவர் கைதான் துலக்க வேண்டும்.

கடைசியில் என் மகளும் அந்தப் படிவத்தை நிரப்பினாள். இப்போது அவளுக்கு மூன்று வயதில் ஒரு மகள். "பிள்ளையின் பல் கெட்டுப்போனால் அது தாயின் தவறு" என்ற வசனத்துக்கு வந்ததும் பேனையை நிறுத்தினாள். நான் சுளகில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தேன், பார்க்காதது போல.

"உம்மா, நான் நல்லா அழுவேனா அந்த நாளையில?"

"இல்ல மகள். போத்தலத் தந்தா அழமாட்டாய்."

அவள் ஐந்து பெட்டியில் ஒன்றிலும் புள்ளடி போடாமல் அடுத்த வசனத்துக்குப் போனாள்.

மறுநாள் காலை வெளிச்சத்தில், கிணற்றடியில் வைத்துப் பேத்தியின் மேலுதட்டைத் தூக்கிப் பார்த்தேன். இடப்பக்கத்து முன்பல்லில், முரசோடு ஒட்டி, நூல்போல ஒரு வெள்ளைக் கோடு. மூத்தம்மா கூச்சம் காட்டுகிறாள் என்று நினைத்து அவள் சிரிக்கிறாள். மகளைக் கூப்பிட்டுக் காட்டினேன். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய் நம்பர் எடுத்தோம். வரிசையில் எங்களுக்கு முன்னே பன்னிரண்டு பேர்.