ஃபார்மலினுக்கு முன் ஒரு ஸ்லைடு

கழுத்தில் நெறி கட்டி, கடலூர் ஓல்டு டவுனிலிருந்து சிதம்பரத்துக்கு வந்திருந்தார் அந்த மீனவர். இடது காது மூன்று மாதமாய் அடைப்பு, காறினால் சளியில் ரத்தக்கோடு. "ரிசல்ட்டு இன்னிக்கே தெரியுமா சார்? விடியக்காலம் கடலுக்குப் போவணும்."

ஒரு வாரம் கழித்து வரச் சொன்னால் இப்படிப்பட்டவர்களில் பலர் வருவதில்லை. பஸ் காசும் ஒரு நாள் பாடும் போய்விடுமே! அதனால்தான் ஓ.பி.யிலேயே செல்லைப் பார்த்துவிட வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்கிறேன்.

மூக்கின் பின்கோடியில், காதுக்குழாயின் வாயை ஒட்டி, ரோசன்முல்லர் பள்ளம் என்று ஓர் இடுக்கு. மூக்குத்தொண்டைப் புற்று பெரும்பாலும் அங்கேதான் கிளம்பும். காது அடைப்பதும் அதனால்தான். இ.என்.டி. டாக்டர் எண்டோஸ்கோப் வழியே அரிசி அளவு சதையைக் கிள்ளித் தந்ததும், ஃபார்மலினில் போடுமுன் ஸ்லைடில் ஒற்றி எடுப்பேன். தேய்க்கவே கூடாது. தேய்த்தால் லிம்போசைட்டுகள் நசுங்கி நூல் நூலாய் இழுபடும், புற்றுச்செல்லை அடையாளமே தெரியாது. காயுமுன் டொலுயிடின் ப்ளூ ஒரு சொட்டு, மேலே கவர்ஸ்லிப். லிம்போசைட் கூட்டத்தின் நடுவே வெளிறிய பெரிய உட்கருக்கள், ஒவ்வொன்றிலும் துருத்திய நியூக்ளியோலஸ். கழுத்து நெறியில் ஊசி போட்டு எடுத்ததிலும் அதே முகங்கள். அரை மணி நேரம்கூட ஆகவில்லை.

ஆனாலும் 'பலத்த சந்தேகம்' என்றுதான் எழுதினேன். பல வருடம் முன்பு, வேறோர் ஊரில், ஒரு பையனின் கழுத்து நெறியில் கிரானுலோமாவைப் பார்த்ததும் காசநோய் என்று எழுதிக் கொடுத்தவன் நான். இந்தப் புற்று பரவிய நெறியிலும் கிரானுலோமா வரும். ஸ்லைடின் ஓரத்தில் கிடந்த நாலைந்து செல்லை அன்று நான் மதிக்கவில்லை. லிம்போமாவும் இதே வேஷம் போடும். ஆகவே கடைசித் தீர்ப்பு பயாப்ஸிக்குத்தான். ஸ்லைடு ஆளைப் போகவிடாமல் நிறுத்தி வைக்கும்.

"கருவாடு தின்னதாலயா சார்?" என்றார். புற்றுக் காரணி என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் ஆய்வு அமைப்பு பட்டியலிட்டிருப்பது சீன முறை உப்புமீனை. எப்ஸ்டீன்-பார் வைரஸ், 1964-ல் கண்டறியப்பட்டது, இந்த நோயோடு நெருங்கிய உறவுள்ளது. நம் பக்கம் வாய்ப்புற்றுதான் அதிகம், இது அபூர்வம். அபூர்வம் என்பதாலேயே யாருக்கும் சட்டென்று நினைவுக்கு வருவதில்லை.

கதிர்வீச்சுக்கு நன்றாகக் கட்டுப்படும் புற்று இது. பெரியவர்களுக்கு ஒரே காது வாரக்கணக்கில் அடைத்திருந்தால், சொட்டு மருந்தோடு திரும்பிவிடாமல், மூக்கின் பின்பக்கத்தையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.