ஐம்பது நரம்புக் கருவிகளும் என் இரண்டு காதுகளும்

ஆறு மாதங்களுக்கு முன்னர் கொழும்பிலே காது, மூக்கு, தொண்டை வைத்திய நிபுணர் ஒருவரிடம் சென்றிருந்தேன். தொலைபேசியில் பேசுவோரை இரண்டு தடவை திருப்பிச் சொல்ல வைக்கிறேன் என்பது வீட்டிலுள்ளோரின் நெடுநாள் முறைப்பாடு. கண்ணாடிச் சாளரம் பொருத்திய சிறிய அறையொன்றினுள் இருத்தி, தலையில் ஹெட்போனை மாட்டி, ஒலி கேட்கும்போதெல்லாம் பொத்தானை அழுத்துமாறு கூறினார்கள். கனத்த ஒலிகள் யாவும் தெளிவாகவே கேட்டன. சுருதி மேலே செல்லச் செல்ல அறை அமைதியாகிக்கொண்டு வந்தது. சாளரத்துக்கு அப்பால் இருந்த பெண்ணின் விரல்கள் அசைந்துகொண்டிருந்தன. அவர் ஒலிகளை அனுப்பிக்கொண்டிருக்கிறார். என்னிடம் எதுவும் வந்து சேரவில்லை என்பது அப்போதுதான் புரிந்தது.

வரைபடத்தைக் காட்டினார்கள். இடப்பக்கம் சமதரை. வலப்பக்கம் பள்ளத்தாக்கு. "வயதோடு வருவதுதான். குருவிச் சத்தம், சின்னப் பிள்ளைகளின் குரல், வயலினின் மேல்சுருதி, இவற்றின் கூர்மைதான் முதலில் மழுங்கும்" என்றார் வைத்தியர்.

அவர் வயலின் என்றதும் என் நினைவுக்கு வந்தது ஒரு குளியலறை.

அல்பிரட் ஹிட்ச்கொக்கின் 'சைக்கோ' (1960) படத்தைப் பார்த்தவர்கள் எந்தக் குளியலறை என்று கேட்க மாட்டார்கள். பார்க்காதவர்களும் அந்த ஒலியைக் கேட்டிருப்பார்கள். கத்தியை யாராவது ஓங்கினால் உலகெங்கும் கேலிக்காகவேனும் வாயால் எழுப்பப்படுகின்ற அந்தக் கீச்சொலி, பேர்னாட் ஹேர்மன் என்ற நியூயோர்க்காரர் எழுதிய இசை. அந்த இசையின் கூர்மை எனக்கு இன்னும் கேட்குமா என்பதை அறியும் ஆவலோடுதான் அன்றிரவு வீடு திரும்பினேன்.

இந்தப் படத்தை நான் பார்ப்பதற்கு முன்னரே கேட்டுவிட்டேன். 1986 ஆம் ஆண்டு. யாழ்ப்பாணத்தில் 'டெக்' வாடகைக்கு எடுத்து, ஒரே இரவில் மூன்று படங்கள் பார்த்து, விடியற்காலையில் திருப்பிக் கொடுக்கும் காலம். அயல்வீட்டில் இரண்டு தமிழ்ப் படங்களுக்கு நடுவில் இந்த ஆங்கிலப் படத்தையும் போட்டிருந்தார்கள். நான் பிந்திப் போனேன். ஒழுங்கையில் சைக்கிளை உருட்டிக்கொண்டு வருகையில், மதிலுக்கு அப்பாலிருந்து அந்த ஒலி வந்தது. தொலைக்காட்சிப் பெட்டியின் சின்னஞ்சிறு ஒலிபெருக்கியூடாக வந்தபோதும் எனக்கு உடல் கூசியது. பறவையொன்றை யாரோ துன்புறுத்துகிறார்கள் என்று எண்ணினேன். உள்ளே போனபோது திரையில் தண்ணீர் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. இசை இல்லை. அறையிலிருந்த பதினைந்து பேரில் ஒருவரும் பேசவில்லை.

அன்று முதல் பல ஆண்டுகள் 'சைக்கோ'வின் இசை என்றால் அந்தக் கீச்சொலி மட்டுமே என்று நினைத்திருந்தேன். அந்த நினைப்பை மாற்றியவர் என் பத்திரிகை அலுவலகத்தின் இரவுப் பணியில் இருந்த மூத்த உதவி ஆசிரியர். நாங்கள் அவரை ஐயா என்றே அழைப்போம். 1998 இல் என்று ஞாபகம். வெள்ளவத்தையிலிருந்த அவரது வாடகை வீட்டில் ஒரு விடுமுறை நாளில் இந்தப் படத்தைப் போட்டார். மரியன் என்ற பெண் தன் முதலாளியின் 40,000 டொலர் பணத்தோடு காரில் தப்பியோடும் கட்டம் வந்தது.

"தம்பி, உந்தச் சத்தத்தை ஒருக்கா நிப்பாட்டும்" என்றார். நிறுத்தினேன்.

"இப்ப என்ன தெரியுது?"

"ஒரு பொம்பிளை கார் ஓட்டுறா, ஐயா."

"சரி. இப்ப திருப்பிப் போடும்."

போட்டேன். அதே பெண், அதே கார், அதே தெரு. ஆனால் இப்போது அவள் மீளமுடியாத ஓரிடத்துக்குப் போய்க்கொண்டிருந்தாள். தந்திகளை வெட்டி வெட்டி இழுக்கும் அந்த வேகமான இசையைப் படத்தின் தலைப்பு எழுத்துகள் ஓடியபோதே நாம் கேட்டிருக்கிறோம். அப்போது அது யாருக்கும் உரியதாக இருக்கவில்லை. இப்போது அது அவளுடைய நெஞ்சுக்குள்ளே போய் உட்கார்ந்துவிட்டது. மழை வருகிறது, எதிரே வரும் வாகனங்களின் வெளிச்சம் கண்ணைக் கூசுகிறது, கண்ணாடியில் துடைப்பான்கள் ஆடுகின்றன. பிறகு வேகம் தணிந்து இசை அடங்குகிறது. பேற்ஸ் மோட்டலின் பெயர்ப்பலகை தெரிகிறது. அந்த ஓட்டத்தின் இசை அதற்குப் பின் படத்தில் திரும்பி வருவதில்லை. ஓடிக்கொண்டிருந்தவளின் ஓட்டம் முடிந்துவிட்டது என்பதை, கத்தி வருவதற்கு வெகுநேரம் முன்னதாகவே இசை அறிந்திருக்கிறது.

இதிலே நான் வியப்பது, அதுவரை பெரிதாக ஒன்றுமே நடந்துவிடவில்லை என்பதைத்தான். பணம் திருட்டுப் போயிருக்கிறது, அவ்வளவே. அதற்கும் முன்பு ஒரு காட்சி வரும். மரியன் தன் அறையில் உடை மாற்றிக்கொண்டிருப்பாள். கட்டிலின் மீது பணமுள்ள கடித உறை கிடக்கும். வசனம் ஒரு சொல் இல்லை. அவள் பெட்டியை அடுக்குகிறாள், உறையைப் பார்க்கிறாள், வேறு பக்கம் திரும்புகிறாள், மீண்டும் பார்க்கிறாள். ஹேர்மன் அங்கே ஒரு சிறு இசைத்துணுக்கைத் திரும்பத் திரும்ப மெதுவாகச் சுழல விடுகிறார். அது ராகமாக விரிவதுமில்லை, எங்கேனும் போய் முடிவதுமில்லை. தகாத காரியமொன்றைச் செய்யத் தீர்மானித்துவிட்டு, இன்னும் தீர்மானிக்கவில்லை என்று தன்னையே ஏமாற்றும் மனத்தின் சுழற்சி அது. எத்தனை பக்கம் எழுதினாலும் நம்மால் அதைச் சொல்லிவிட முடியுமோ தெரியாது.

படம் எடுத்த கதையையும் சிறிது சொல்லவேண்டும். பெரிய நிறுவனம் பணம் போடத் தயங்கியதால் ஹிட்ச்கொக் தமது தொலைக்காட்சிக் குழுவினரைக் கொண்டு, ஏறத்தாழ எட்டு இலட்சம் டொலர் செலவில், கறுப்பு வெள்ளையில் எடுத்தார். சிக்கனம் இசைக்கும் வந்தது. ஹேர்மன் குழல்களையும் பறைகளையும் முற்றாக விலக்கிவிட்டு வயலின், வியோலா, செலோ, டபிள் பாஸ் எனச் சுமார் ஐம்பது நரம்புக் கருவிகளை மட்டும் வைத்துக்கொண்டார். கறுப்பு வெள்ளைப் படத்துக்குக் கறுப்பு வெள்ளை இசை வேண்டும் என்பது அவர் பின்னாளில் சொன்ன விளக்கம். தமிழிலே தந்திக்கும் நரம்பு என்றுதான் பெயர். உடம்பினுள் ஓடுவதற்கும் அதே பெயர். ஹேர்மனுக்குத் தமிழ் தெரிந்திருந்தால் மகிழ்ந்திருப்பார்.

முதலில் படத்தைத் தொகுத்துப் பார்த்தபோது ஹிட்ச்கொக்குக்குத் திருப்தி ஏற்படவில்லை என்றும், ஒரு மணிநேரத் தொலைக்காட்சி நிகழ்ச்சியாகச் சுருக்கிவிடலாமா என்றுகூட யோசித்தார் என்றும் ஹேர்மன் கூறியிருக்கிறார். குளியலறைக் காட்சிக்கு இசையே வேண்டாம் என்பது இயக்குநரின் கட்டளை. இசையமைப்பாளர் அதை மீறி எழுதிவைத்திருந்தார், போட்டுக் காட்டினார், இயக்குநர் ஒப்புக்கொண்டார். படத்தின் தாக்கத்தில் 33 சதவீதம் இசையினாலே வந்தது என்று ஹிட்ச்கொக் பிற்பாடு கூறியதாகச் சொல்வார்கள். இவ்வளவு துல்லியமாக எப்படி அளந்தார் என்று எனக்கு விளங்கவில்லை. அந்தப் படத்துக்கு நான்கு ஒஸ்கார் பரிந்துரைகள் கிடைத்தன. இசைக்கு ஒன்றும் இல்லை.

ஐயா எனக்குக் காட்டித்தந்த இன்னொரு நுட்பமும் உண்டு. இந்த இசை முழுவதும் தந்திகளின் குதிரை மீது ஒலியடக்கிகளைப் பொருத்தியே வாசிக்கப்படுகிறது. வேகமான பகுதிகளும் அப்படித்தான். வாயைப் பொத்திக்கொண்டு பேசுபவரின் குரல்போல ஒரு கம்மல் இருந்துகொண்டே இருக்கும். கொலைக் காட்சியில் மட்டுமே ஒலியடக்கிகள் கழற்றப்படுகின்றன. ஏறக்குறைய முக்கால் மணிநேரம் பொத்தி வைத்திருந்த வாய் திடீரெனத் திறந்தால் எப்படி இருக்கும்!

ஐயாவுக்கு இது ஏன் பிடித்தது என்பது எனக்குத் தெரியும். அவர் செய்தி போடும் முறையும் அதுவே. போர்க்காலத்தில் எங்கள் இரவுகள் மரணச் செய்திகளால் நிறைந்தவை. இளையவர்களாகிய நாங்கள் எதற்கும் எட்டுப் பத்தித் தலைப்புக் கேட்போம். அவர் ஒற்றைப் பத்தியில், சிறிய எழுத்தில், வினைச்சொல்லைக்கூட அடக்கிப் போடுவார். "நீர் கத்தினால் வாசிக்கிறவன் காதைப் பொத்துவான், தம்பி" என்பார். அவரே முழுப்பக்க அகலத்துக்குத் தலைப்புப் போட்டதை நான் ஒருமுறைதான் கண்டேன்: 2004 டிசெம்பர் 26 அன்று கடல் உள்ளே வந்த இரவு. 2011 இல் அவர் காலமானார்.

தமிழில் நாம் பாட்டைக் கேட்டுப் பழகியவர்கள். பாடலே இல்லாத மர்மப் படமாக எஸ். பாலசந்தர் 'அந்த நாள்' எடுத்தது 1954 இல். அவரே வீணை வித்துவான் என்பது வேடிக்கை. 2013 இல் வந்த மிஷ்கினின் 'ஓநாயும் ஆட்டுக்குட்டியும்' படத்திலும் பாடல்கள் இல்லை. அதிலே இளையராஜாவின் இசைக்குப் 'பின்னணி' என்று போடாமல் 'முன்னணி இசை' என்று போட்டிருந்தார்கள். ஐயா இருந்திருந்தால் கைதட்டியிருப்பார்.

சரி, அன்றிரவுக்கு வருகிறேன். வீட்டார் உறங்கிய பின் படத்தைப் போட்டேன். தலைப்பு இசை பழையபடியே இருந்தது. கார் ஓடியது, மழை பெய்தது. குளியலறைக் கட்டம் வந்தபோது என் கை பிடரியில் இருந்தது. திரைச்சீலை விலகியது. வயலின்கள் கேட்டன. ஆனால் 1986 இல் மதிலைத் தாண்டி வந்து என்னைக் குத்திய கூர்மை அதில் இல்லை. யாரோ கத்தியின் முனையில் துணி சுற்றிவிட்டதுபோல இருந்தது. எல்லாவற்றுக்கும் ஒலியடக்கி போட்டாகிவிட்டது, எனக்கு மட்டும்.

ஒலியைக் கூட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தேன். கொலை செய்த உருவம் வெளியேறியதும் மரியன் சுவரோடு சரிந்து கீழே வருகிறாள். அப்போது வயலின்கள் ஓய்ந்து, செலோக்களும் டபிள் பாஸ்களும் கனத்து, தயங்கித் தயங்கி ஒலிக்கின்றன. கடைசி மூச்சுகள்போல. இத்தனை ஆண்டுகளாக அந்தக் கீச்சொலியின் அதிர்ச்சியில் இருந்தேனே தவிர, இந்தப் பகுதியை நான் செவிமடுத்ததே இல்லை. கீழ்ச்சுருதி. வரைபடத்தில் எனக்குச் சமதரையாக இருக்கும் பகுதி. ஒரு சுரம் தவறாமல் கேட்டது. பயத்துக்குப் பதிலாக அந்தப் பெண்ணின்மீது ஒரு பெரும் இரக்கம் வந்தது. திருடிய பணத்தைத் திருப்பிக் கொடுக்கத் தீர்மானித்துவிட்டுத்தான் அவள் குளிக்கப் போயிருந்தாள். பின்னர் இசை நின்றது. தண்ணீர்ச் சத்தம் மாத்திரம். அதுவும் முன்புபோலச் சலசலக்கவில்லை.

இப்போது செவிக்கருவி வந்திருக்கிறது. சிறிய பொருள், விலை பெரிது. முதல் நாள் மாட்டியபோது கரண்டி தட்டில் படும் ஒலி, பத்திரிகையின் தாளைப் புரட்டும் ஒலி எல்லாம் தகரம்போலக் கேட்டன. மனைவி சமையலறையிலிருந்து கூப்பிட்டதற்கு முதல் தடவையிலேயே பதில் சொன்னேன். அவர் நம்பாமல் வந்து எட்டிப் பார்த்தார். அதை மாட்டிக்கொண்டு 'சைக்கோ'வை இன்னும் போட்டுப் பார்க்கவில்லை. வயலின்கள் திரும்பி வந்துவிடும் என்று வைத்தியர் சொல்கிறார். செலோக்களை இன்னும் இரண்டொரு தடவை இப்படியே கேட்டுவிட்டு மாட்டலாம் என்றிருக்கிறேன்.