பாரிஸில் கடைக்குப் போனால்...

‘பாரிஸ் கடைக்காரர்கள் முகம் கொடுத்தே பேசமாட்டார்கள்’ என்று நேயர்கள் சிலர் என்னிடம் குறைபட்டதுண்டு. நான் போன கடைகளில் அப்படி இல்லை. ஒரு சொல்தான் காரணம். உள்ளே நுழைந்ததும் ‘போன்ஷூர்’ சொல்லிவிட வேண்டும். நம்மூர்ப் பேரங்காடியில் போல பேசாமல் போய்ப் பொருளைத் தொட்டால், அங்கே அது மரியாதைக் குறைவு.

மலிவு விற்பனைக் காலத்தை அரசாங்கமே நிர்ணயிக்கிறது. ஆண்டுக்கு இரண்டு முறை, ஜனவரியிலும் ஜூன் இறுதியிலும் தொடங்கி, நான்கு வாரம் நீடிக்கும்.

ஒரே கடையில் 100 யூரோவுக்கு மேல் வாங்கினால், கடப்பிதழைக் காட்டி ‘தெதாக்ஸ்’ பாரம் கேளுங்கள். விமான நிலையத்தில் பெட்டியை ஒப்படைக்கும் முன்பே அதை இயந்திரத்தில் பதிந்தால், வரியில் ஒரு பகுதி திரும்பக் கிடைக்கும்.

கலெரி லாஃபயெத்தின் 1912ஆம் ஆண்டுக் கண்ணாடிக் குவிமாடத்தை இலவசமாகவே பார்க்கலாம். பழம்பொருள் பிரியர்கள் வார இறுதியில் சன்-துவான் சந்தைக்குப் போகலாம். கறிவேப்பிலையோ சேலையோ தேவையென்றால், கார் து நோர் ரயில் நிலையம் அருகே லா ஷப்பேல். அங்குள்ள ஈழத்தமிழர் கடைகளில் ‘வணக்கம்’ போதும்.